நல்ல தண்ணி ரெண்டு குடம்... பத்திரம்!

'தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழியுங்கள்' என்று யாராவது சொன்னால் உடனே நமக்கு என்ன ஞாபகம் வரும்? மோட்டாருக்கு ஆகிற கரண்ட் பில், டேங்கர் லாரிக்குக் கொடுக்கிற பணம், குழாயடிச் சண்டை... இவ்வளவுதானே?

நீங்கள் ஓசூர், பாகலூர், சூளகிரி, கெலமங்கலம், கிருஷ்ணகிரி பக்கம் குடியிருப்பவரா? அப்படியானால் இன்னும் இரண்டையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, உங்கள் பிள்ளையின் பல். இன்னொன்று, வீட்டுப் பெரியவரின் முதுகெலும்பு!

"தண்ணிக்கும் முதுகெலும்புக்கும் என்னங்க சம்பந்தம்?" என்கிறீர்களா? சம்பந்தம் இருக்கிறது. அதன் பெயர் ஃபுளோரைடு.

பாறைக்குள் என்ன நடக்கிறது?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி முழுக்கக் கெட்டியான பாறை. இந்தப் பாறைகளில் ஃபுளோரைடு கலந்த தாதுக்கள் இருக்கின்றன. பாறை இடுக்கில் தேங்கி நிற்கும் தண்ணீர், வருடக்கணக்கில் அந்தத் தாதுக்களை மெதுவாகக் கரைத்துக் கொள்கிறது. பொதுவாக, எவ்வளவு நாள் பாறையோடு உறவாடுகிறதோ அவ்வளவு ஃபுளோரைடு அதில் ஏறும்.

மழைத் தண்ணீர் நிரம்பிய பழைய திறந்த கிணறுகளில் இந்தத் தொல்லை குறைவாக இருந்தது. கிணறு வற்றியது, போர் போட்டோம். போர் வற்றியது, இன்னும் ஆழமாகப் போட்டோம். 1970களில் சிப்காட் வந்த பிறகு ஓசூரில் ஆலைகள் பெருகின. வேலைக்கு வந்த குடும்பங்கள் பெருகின. லைன் வீடுகள், அப்பார்ட்மென்ட்கள் என்று எங்கே பார்த்தாலும் மோட்டார் ஓடுகிறது. கீழே போகப் போகப் பழைய தண்ணீரைத்தான் இறைக்கிறோம். ஆக, தேவையில்லாமல் நாம் கொட்டுகிற ஒவ்வொரு பக்கெட்டும், நாளைக்கு இன்னும் கொஞ்சம் ஆழத்திலிருந்து இறைக்க வைக்கிறது. சிக்கனத்துக்கும் ஆரோக்கியத்துக்கும் இதுதான் முடிச்சு.

ஒரு லிட்டர் குடிநீரில் ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லையென்றால் 1.5 மில்லிகிராம் வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பும் அதே 1.5 மில்லிகிராம்தான். ஃபுளோரைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை, நாக்கிலும் தெரியாது. கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணியிலும் இருக்கும். ஒரு தெரு போரில் அதிகமாகவும், அடுத்த தெரு போரில் குறைவாகவும் இருக்கும். அதனால் "பக்கத்து வீட்டுல ஒண்ணும் ஆகலையே" என்ற சமாதானம் செல்லாது.

பல் சொல்லும் சேதி

இந்தியாவில் இந்த நோயை மருத்துவர்கள் முதன்முதலில் விவரித்தது 1937-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில். அங்கேயும் காரணம் குடிநீர்தான். ஃபுளோரோசிஸ் என்று இதற்குப் பெயர்.

முதலில் காட்டிக் கொடுப்பது பல். குழந்தையின் நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகிக் கொண்டிருக்கும் வயதில், அதாவது சுமார் எட்டு வயது வரை, அதிக ஃபுளோரைடு உடம்பில் சேர்ந்தால் பல்லின் மேல்பூச்சு சரியாக அமையாது. பல் முளைத்து வரும்போதே சுண்ணாம்பு போல வெள்ளைத் திட்டுகள் தெரியும். அதிகமானால் மஞ்சள் அல்லது பழுப்புக் கோடுகள் குறுக்கே ஓடும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. "ஒழுங்கா பல்லு தேய்க்க மாட்டேங்கறான்" என்று பிள்ளையைத் திட்டும் தாய்மார்களே, கொஞ்சம் பொறுங்கள். தப்பு அவன் மேல் இல்லாமல் இருக்கலாம்!

பெரியவர்களுக்குப் பல்லில் புதிதாகக் கறை வராது. ஆனால் வருடக்கணக்கில் குடித்தால் ஃபுளோரைடு எலும்பில் படியும். கழுத்து, இடுப்பு, முழங்கால் மூட்டுகள் வலித்து விறைக்கும். முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொட முடிகிறதா? தாடையை நெஞ்சில் பதிக்க முடிகிறதா? கைகளை மடித்துப் பின்னந்தலையைத் தொட முடிகிறதா? முடியவில்லையென்றால் டாக்டரிடம் போங்கள். வயதான மூட்டு, வைட்டமின் குறைவு என்று வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்பதையும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எலும்பில் ஏறியதை முழுக்க இறக்க மருந்து கிடையாது. வராமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

ரெண்டு குடம் கணக்கு

இதற்காகத்தான் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்தது. அந்தத் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்பைக் குறைப்பதும் சேர்ந்திருக்கிறது. 2008-ல் அடிக்கல் நாட்டி, ஜப்பான் கடனுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, 2013-ல் தொடங்கி வைத்தார்கள். காவிரித் தண்ணீரைச் சுத்திகரித்து, மேடு பள்ளமெல்லாம் தாண்டிக் குழாய் வழியாக இரண்டு மாவட்டங்களுக்கும் கொண்டுவருகிறார்கள்.

அப்படிப் பாடுபட்டு வருகிற தண்ணியில் ஸ்கூட்டர் கழுவலாமா?

ஒரு கணக்குப் போடுவோம். கிராமக் குடிநீருக்காக மத்திய அரசு முன்பு வைத்திருந்த அளவுகோல், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 லிட்டர். அதைப் பிரித்தும் சொல்லியிருந்தார்கள். குடிக்க 3, சமைக்க 5, குளிக்க 15, பாத்திரமும் வீடும் கழுவ 7, கழிப்பறைக்கு 10. (2019-ல் ஜல் ஜீவன் திட்டம் வந்தபோது மொத்த அளவு 55 லிட்டராக உயர்ந்தது.)

கவனித்தீர்களா? வயிற்றுக்குள் போவது வெறும் 8 லிட்டர். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 32 லிட்டர். பிளாஸ்டிக் குடத்தில் அளந்தால் சுமார் ரெண்டு குடம், அவ்வளவுதான்! இந்த ரெண்டு குடம் நல்ல தண்ணியாக இருந்தால் போதும். மிச்சத்துக்கு போர் தண்ணியே தாராளம். தோல் வழியாக ஃபுளோரைடு பெரிதாக உடம்புக்குள் போவதில்லை. குளிக்க, துவைக்க, கழுவப் பயமில்லை.

எனவே வீட்டில் முதல் வேலை, ரெண்டு தண்ணியையும் பிரித்து வைப்பது. நல்ல தண்ணிக்கென்று தனிக் குடம், தனி இடம். அந்தக் குடத்தில் யாரும் கை கழுவக் கூடாது, வாய் கொப்பளிக்கக் கூடாது. நல்ல தண்ணிக் குழாயையும் போர் குழாயையும் ஒரே தொட்டியில் விடாதீர்கள். சம்ப்பில் ரெண்டும் கலந்துவிட்டால் நல்ல தண்ணியும் போச்சு!

எதற்கு எந்தத் தண்ணி?

நிறைய வீடுகளில் ஒரு தப்பு நடக்கிறது. குடிக்க மட்டும் கேன் தண்ணி, சமையலுக்கு போர் தண்ணி. "கொதிச்சுடுதே, அப்புறம் என்ன?" என்பார்கள். கொதித்தால் கிருமி சாகும். ஃபுளோரைடு அப்படியே இருக்கும். தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். சோறு, களி, பருப்பு எல்லாம் தண்ணியைக் குடித்து வேகிற பண்டங்கள். அந்தத் தண்ணியில் உள்ளதும் சேர்ந்தே தட்டுக்கு வரும்.

நல்ல தண்ணியில் செய்ய வேண்டியவை: குடிப்பது, உலை வைப்பது, களி கிளறுவது, இட்லி மாவுக்கு அரிசி உளுந்து ஊறப்போடுவது, குழம்பு, ரசம், காபி, டீ, மோர் கலப்பது, குழந்தைக்குப் பால் பவுடர் கரைப்பது. கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பதே மேல். தாய்ப்பாலில் ஃபுளோரைடு மிக மிகக் குறைவு.

போர் தண்ணியில் செய்யக்கூடியவை: அரிசி, பருப்பை முதலில் களைவது, காய்கறியின் மண் போகக் கழுவுவது, பாத்திரம் தேய்ப்பது, துணி, குளியல், வீடு துடைப்பது. பச்சையாகச் சாப்பிடும் வெள்ளரி, கேரட், கொத்தமல்லியைக் கடைசியாக ஒருமுறை மட்டும் நல்ல தண்ணியில் அலசிவிடுங்கள்.

போர் தண்ணியை மிச்சம் பிடிக்க...

1. முதலில் அளந்து பாருங்கள். குழாயடியில் பக்கெட்டை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் திறந்து விடுங்கள். 10 லிட்டர் பக்கெட் நிறைந்துவிட்டதா? அப்படியானால் குழாயைத் திறந்து வைத்து மூன்று நிமிடம் பல் தேய்ப்பவர் 30 லிட்டர் விட்டிருக்கிறார். அரசு ஒரு ஆளுக்கு நாள் முழுவதற்கும் போட்ட கணக்கே 40 லிட்டர்தான்! ஒரு மக்கில் பிடித்து வைத்துத் தேய்த்தால் வேலை முடிந்தது.

2. ஷவருக்கு ஒரு நாள் லீவு விடுங்கள். ஒரு பக்கெட், ஒரு மக்கு. பெரியவர்களுக்கே அது போதும். சோப்புப் போடும்போது குழாயை மூடிவிடுங்கள்.

3. சொட்டுகிற குழாய்க்கு அடியில் இரவு ஒரு சொம்பு வையுங்கள். காலையில் எவ்வளவு என்று பார்த்தால், அன்றைக்கே கடைக்குப் போய் வாஷர் வாங்கிவிடுவீர்கள்.

4. பாத்திரத்தை ஓடுகிற குழாயில் கழுவாமல், எச்சிலைத் துடைத்து எடுத்து, ஒரு அண்டாவில் முதல் அலசு, இன்னொன்றில் ரெண்டாம் அலசு என்று வையுங்கள்.

5. துணிக்கு சோப்புத் தூளைக் குறையுங்கள். நுரை அதிகமானால் அலசவும் தண்ணி அதிகம். நுரை எங்கே போகிறது என்று தெரியவேண்டுமா? கெலவரப்பள்ளி அணைக்குப் போய்ப் பாருங்கள். பெங்களூர்ப் பக்கத்துக் கழிவையும் சுமந்து வரும் தென்பெண்ணை அங்கே பல தடவை வெள்ளை வெளேரென்று பொங்கி நின்றிருக்கிறது. ஆற்றைக் குறை சொல்கிற நாம், நம் வீட்டுச் சாக்கடையையும் கொஞ்சம் பார்க்கத்தானே வேண்டும்?

6. துணி அலசிய கடைசித் தண்ணியைக் கழிப்பறைக்கு ஊற்றுங்கள். அரிசி களைந்த தண்ணி செடிக்கு.

7. பழைய ஃப்ளஷ் டேங்க் ஒவ்வொரு முறையும் 10 லிட்டருக்கு மேல் விடும். உள்ளே தண்ணி நிரப்பி மூடிய ஒரு லிட்டர் பாட்டிலை மிதவையில் இடிக்காமல் வைத்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு லிட்டர் மிச்சம்.

8. மேல் தொட்டி வழிந்து தெருவே நனைந்த பிறகு "மோட்டாரை யாரு ஆஃப் பண்றது?" என்று கேட்காதீர்கள். மிதவை சுவிட்ச் போடுங்கள். லைன் வீடுகளில் வாரம் ஒரு வீடு என்று முறை வைத்துக்கொள்ளலாம்.

மாடியில் விழும் நல்ல தண்ணி

ஃபுளோரைடு அநேகமாக இல்லாத தண்ணீர் ஒன்று நம் தலைக்கு மேலேயே கொட்டுகிறது. மழை! கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் பெய்கிறது. 500 சதுர அடி மொட்டை மாடியில் விழுவது மட்டும் ஏறக்குறைய 37,000 லிட்டர். சிதறியதும், முதல் மழையில் கழித்துவிட்டதும் போக முக்கால் பங்கு பிடித்தாலும் 27,000 லிட்டருக்கு மேல். நம் ரெண்டு குடம் கணக்கு, வருடம் முழுவதற்கும் 12,000 லிட்டருக்குள்தான்!

எல்லாவற்றையும் சேமிக்க எல்லோருக்கும் இடமிருக்காது. ஆனால் 25 மில்லிமீட்டர் பெய்கிற ஒரே மழையில், அந்த மாடியிலிருந்து 800 லிட்டருக்கு மேல் பிடிக்கலாம். மூன்று வாரத்துக்கு மேல் வரும் நல்ல தண்ணி அது.

செய்முறை சுலபம். மழைக்காலத்துக்கு முன் மாடியைப் பெருக்கிக் கழுவுங்கள். முதல் ஒன்றிரண்டு மழையை வெளியே விட்டுவிடுங்கள். பிறகு வரும் மழையிலும் முதல் பத்து நிமிடத் தண்ணி வேண்டாம். குழாய் வாயில் நாலாக மடித்த வெள்ளைத் துணி கட்டி, மூடியுள்ள தொட்டியில் பிடியுங்கள். குடிக்கும்போது காய்ச்சிக் குடியுங்கள். ஆலைப் புகையும் தூசியும் படிகிற இடமா? ஆஸ்பெஸ்டாஸ் கூரையா? குடிக்க வேண்டாம். புழங்க வைத்துக்கொண்டு, மீதியை போருக்குப் பக்கத்தில் குழி எடுத்து, ஜல்லியும் மணலும் நிரப்பி, மண்ணுக்குள் இறக்கிவிடுங்கள். இறங்குகிற மழைத் தண்ணி, கீழே இருக்கிற ஃபுளோரைடின் அடர்த்தியையும் குறைக்க உதவும். தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அன்றைக்குப் போட்ட குழாய் இன்றைக்கு அடைத்துக் கிடக்கிறதா என்று ஒரு தடவை ஏறிப் பாருங்களேன்!

சேர்த்தால் மட்டும் போதாது, மூடணும்!

நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணி வரும் தெருவில், டிரம், அண்டா, குடம் என்று எல்லாவற்றிலும் பிடித்து வைப்போம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதுதான் பிரசவ ஆஸ்பத்திரி. முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே இடைவெளியில்லாமல் மூடுங்கள். மூடி இல்லையென்றால் துணி போட்டு இறுக்கிக் கட்டுங்கள். வாரம் ஒரு நாள் டிரம்மைக் காலி செய்து, உள்பக்கத்தை நாரால் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தண்ணியை மட்டும் கொட்டினால் அது சாகாது. காலி செய்கிற தண்ணியை வீணாக்காமல், வீடு கழுவும் நாளாகப் பார்த்து இதைச் செய்யுங்கள். நல்ல தண்ணிக் குடத்தில் கையை விடாமல், நீளக் காம்புள்ள கரண்டியால் மொண்டு எடுங்கள்.

இங்கே மட்டும் சிக்கனம் வேண்டாம்

குடிப்பதில் சிக்கனம் கூடவே கூடாது. கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் பெண்கள் பலர், பாத்ரூம் போகச் சங்கடப்பட்டுத் தண்ணியே குடிக்காமல் இருக்கிறார்கள். சிறுநீர்க் கடுப்பு, சிறுநீரகக் கல் எல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கும். வீட்டிலிருந்தே ஒரு பாட்டில் நல்ல தண்ணி கொண்டு போங்கள். சிறுநீர் மஞ்சளாக, அடர்த்தியாகப் போனால் தண்ணி போதவில்லை என்று அர்த்தம். அதேபோல, கழிப்பறை போய்வந்த பிறகும், சாப்பாட்டுக்கு முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். அங்கே மிச்சம் பிடித்த ஒரு சொம்பு, வயிற்றுப்போக்காகத் திரும்பி வரும்.

சாப்பாட்டிலும் ஒரு காவல் உண்டு. சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் சி-யும் தாராளமாக உள்ள உணவு, ஃபுளோரைடின் கெடுதலைத் தாங்க உதவும். நம் ஊர் கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. களி, கீரை, மோர், நெல்லிக்காய், கொய்யா... எதுவும் வெளியூரிலிருந்து வரவேண்டியதில்லை. புளி சாப்பிட்ட சிறுவர்களுக்குச் சிறுநீரில் ஃபுளோரைடு கூடுதலாக வெளியேறியது என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் 2002-ல் எழுதினார்கள். அது சின்ன ஆய்வுதான். புளிக்குழம்பை நம்பி போர் தண்ணியைக் குடிக்க வேண்டாம்!

சில சந்தேகங்கள்

"எங்க வீட்டுல ஃபில்டர் இருக்கே?"

எந்த ஃபில்டர்? மெழுகுவர்த்தி மாதிரிக் குழல் உள்ளதும், புற ஊதாக் கதிர் வகையும் கிருமிக்குத்தான். ஃபுளோரைடை எடுக்காது. ஆர்.ஓ. எடுக்கும். ஆனால் ஒரு லிட்டர் நல்ல தண்ணி தர, ரெண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். அந்தக் கழிவுக் குழாயைப் பக்கெட்டில் விட்டு, வீடு துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள். அதில் உப்பும் ஃபுளோரைடும் அடர்த்தியாக இருப்பதால் சமைக்காதீர்கள், மாட்டுக்கும் வைக்காதீர்கள்.

"பற்பசையிலயும் ஃபுளோரைடு இருக்குதாமே?"

உண்டு. பல் சொத்தையைத் தடுக்கத்தான் சேர்க்கிறார்கள். சின்னக் குழந்தைக்கு ஒரு அரிசி அளவு, மூன்று வயதுக்கு மேல் ஒரு பட்டாணி அளவு போதும். விழுங்காமல் துப்பப் பழக்குங்கள்.

"எங்க போர்ல எவ்வளவு இருக்குன்னு எப்படித் தெரியும்?"

சுத்தமான பாட்டிலில் தண்ணி பிடித்து, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டிக் கொடுத்தால் அளந்து சொல்வார்கள். பொதுத் தொட்டியில் போர் தண்ணியும் கலந்து விடுகிற ஊர் என்றால், உங்கள் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணியையே பிடித்துக் கொடுங்கள்.

"பையனுக்கு ஏற்கெனவே கறை வந்துடுச்சே?"

பல் டாக்டர் கறையின் தோற்றத்தைச் சரி செய்ய முடியும். ஆனால் தண்ணியை இன்றைக்கே மாற்றுங்கள். அவனுடைய எலும்புக்கும், வீட்டில் இருக்கும் தங்கச்சியின் முளைக்காத பல்லுக்கும் அது உதவும்.

இந்த வாரமே ரெண்டு வேலை செய்யுங்கள். போர் தண்ணியைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். சமையலறையில் நல்ல தண்ணிக்குத் தனியாக ரெண்டு குடத்தை, மூடியோடு வையுங்கள். எதற்கு அந்தக் குடம் என்று வீட்டில் சின்னப் பிள்ளை வரைக்கும் தெரிந்திருக்கட்டும்!